மலையில்லா நாட்டின் மலைவிலங்குகள்

மருதநிலத்துக்கு மலை கிடையாது. தஞ்சையிலிருந்து கிழக்கே நாகப்பட்டினம் வரையிலும், குடந்தையிலிருந்து தெற்கே மன்னார்குடி வரையிலும் செல்வோர் கண்ணுக்கு எதிர்ப்படுவன வயலும் வாய்க்காலும், தென்னந்தோப்பும் மூங்கிற்புதரும், இடையிடையே எழுந்து நிற்கும் கோபுரங்களுமே. ஆற்றங்கரையும் களத்துமேடும்தான் இந்நாட்டு மக்கள் அறிந்த உயரங்கள். மலையிலிருந்து இந்நாட்டுக்கு ஆண்டுதோறும் வந்து சேரும் ஒரே உறவு காவிரி. குடகு மலையில் பிறந்து, வண்டலைச் சுமந்து வந்து வயலில் இறக்கிவிட்டுக் கடலுக்குப் போகும் அந்த ஆற்றின் நிறத்தைக் கொண்டுதான் மலையில் மழை பெய்ததா இல்லையா என்பதை நம் உழவர் அறிந்து வந்தனர்.

ஆனால் இந்நாட்டுக் கோயிலொன்றினுள் நுழைந்து பார்ப்போமாயின் நம்மைச் சூழ்ந்து நிற்பவை மலைவிலங்குகள். அதிட்டானத்தில் வரிசையாக யாளிகள், தூணைத் தாங்கி யாளி, படிக்கட்டின் இருமருங்கும் யாளி, திருவிழாவில் யாளி வாகனம். எட்டுக்கால் கொண்ட சரபத்துக்குத் தனிச்சன்னதியே உண்டு. மலையையே காணாத நாட்டில் மலைவிலங்குகள் இத்தனை எவ்வாறு வந்து குடியேறின? இவற்றுள் மெய்யாக வாழ்ந்தவை எவை, புலவரும் சிற்பியும் படைத்தவை எவை? இவ்வினா வெறும் பொழுதுபோக்கன்று என்பதையும், இதில் ஒரு மெய்யான உயிரின் வரலாறு சிக்கிக் கிடக்கிறது என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரிகாலனைப் பாடிய இரு பாட்டுகள்

பத்துப்பாட்டுள் இரண்டு கரிகாற்சோழன்மேல் பாடப்பட்டவை. முடத்தாமக்கண்ணியார் பாடியது பொருநராற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பட்டினப்பாலை. பாட்டுடைத் தலைவன் ஒருவன், ஆறு ஒன்று, நாடும் ஒன்று. இரண்டிலும் ஒவ்வொரு மலைவிலங்கு உவமையாக வருகின்றது.

பொருநராற்றுப்படையில் வருவது ஆளி. தாய்ப்பாலை மறவாத இளங்குருளை, தன் முதல் வேட்டையிலேயே களிற்றை வீழ்த்தியது போல, இளைஞனாகிய கரிகாலன் வெண்ணிப் போரில் இருபெரு வேந்தரை வென்றான் என்கிறார் புலவர். அந்த வெண்ணி, தஞ்சையிலிருந்து நீடாமங்கலம் செல்லும் வழியில் இன்று கோயில்வெண்ணி என வழங்கும் ஊரே என்பர். சுற்றிலும் நெல்வயல். அவ்வயலின் நடுவே நிகழ்ந்த போருக்குப் புலவர் தேடிய உவமை மலைச்சாரலில் இருந்தது.

பட்டினப்பாலையில் வருவது வருடை. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச்சாலை முற்றத்தில் சரக்கு மூட்டைகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அம்மூட்டைக் குவியல்மேல் ஆண்நாயும் ஆட்டுக்கிடாயும் தாவி விளையாடுகின்றன. அக்காட்சி, மேகம் தவழும் மலைச்சரிவில் வருடைகள் துள்ளுவது போலத் தோன்றியதாம் புலவருக்கு. கடற்கரைத் துறைமுகத்தில் ஒரு மலையைக் கண்டெடுத்த உவமை இது.

ஆளியும் வருடையும் ஒரே காலத்தில், ஒரே அரசனைப் பாடிய பாட்டுகளில், ஒரே உறுதியான குரலில் பேசப்படுகின்றன. ஒன்றைக் கண்டதாகவும் மற்றதைக் கேட்டதாகவும் புலவர் பிரித்துச் சொல்லவில்லை. ஆயினும் வருடை மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளில் இன்றும் வாழும் வரையாடு. யானையை முதல் வேட்டையிலேயே கொல்லும் ஆளியை எந்த மலையிலும் எவரும் கண்டதில்லை. ஆளி என்பது அரிமாவையே குறித்தது என்பாரும் உளர். அவ்வாறு கொண்டாலும் நிலைமை மாறுவதில்லை. தமிழகத்து மலைகளில் சிங்கம் வாழ்ந்தமைக்குச் சான்று இல்லை. காவிரிக்கரையில் இருந்து நோக்குவார்க்கு மெய்விலங்கும் கற்பனை விலங்கும் ஒரே தொலைவில் இருந்தன.

கற்பனை அறியாமையன்று

சங்கப் புலவர் மலையை அறியாமையால் இல்லாத விலங்கைப் படைத்தனர் என்று முடிவு கட்டிவிடல் ஆகாது. கபிலரை நோக்குக. பறம்பு மலையில் வாழ்ந்தவர். குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை நிரல்பட அடுக்கியவர். ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியில் வருடையைச் சொல்லுமிடத்து அதன் கால் குட்டையானது என்பதைக்கூட விடாது குறித்தவர். செங்குத்தான பாறையில் நிலைகொள்ளும் விலங்குக்கு உறுதியான குறுங்கால் எவ்வளவு இன்றியமையாதது என்பதை இன்றைய விலங்கியலாரும் உணர்வர். அத்துணைக் கூரிய கண் படைத்த கபிலரே அகநானூற்றின் 12ஆம் பாட்டில், தலைவியும் தோழியும் இரண்டு தலையும் ஓருயிரும் கொண்ட பறவை போன்றவர்கள் எனத் தோழியைப் பேச வைக்கிறார். இருதலைப் புள் எம்மலையிலும் இல்லை என்பது கபிலருக்குத் தெரியாமலா இருக்கும்? இரண்டு பெண்களின் நட்பை ஏற்றிச் செல்ல அவருக்கு ஒரு பறவை வேண்டியிருந்தது. காட்டில் அது கிடைக்காதபோது மரபில் இருந்து எடுத்துக்கொண்டார்.

அசுணத்தின் கதையும் இத்தகையதே. இசைக்கு வசப்படும் இவ்விலங்கு மலைக்குகையில் வாழ்வது என்பது மரபு. வேடர் முதலில் யாழை இசைத்து அதனை வெளிவரச் செய்வர். அது மயங்கி நிற்கையில் பறையை முழக்குவர். அவ்வோசையைத் தாங்காது அது உயிர் விடும். நற்றிணை 304ஆம் பாட்டில் மாறோக்கத்து நப்பசலையார், தலைவனின் மார்பு இன்பமும் துன்பமும் ஒருங்கே தருவது, அசுணத்தைக் கொல்வாரின் கையைப் போன்றது என்கிறார். அகநானூறு 88ஆம் பாட்டில் மலைக்குகையில் இருக்கும் அசுணம், வண்டின் ஒலியை யாழ் என்று மயங்கிக் காது கொடுத்துக் கேட்கின்றது. அப்பாட்டைப் பாடியவர் ஈழத்துப் பூதன்தேவனார் என்பது கருதத்தக்கது. கடலுக்கு அப்பாலுள்ள தீவின் பெயரைத் தம் பெயரில் தாங்கிய புலவரும், கொற்கைப் பக்கத்து மாறோக்கத்துப் புலவரும் காணாத ஒரே விலங்கைப் பாடுகின்றனர். அசுணம் விலங்கா பறவையா என்பதிலேயே பிற்கால நூலாருக்குள் ஒருமைப்பாடு இல்லை. அதன் உடலைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. அதன் செவி ஒன்றே பாட்டுக்குப் போதுமானதாயிருந்தது.

ஆக, சங்க இலக்கியத்தின் கற்பனை விலங்குகள் ஒவ்வொன்றும் ஒரு மனித உறவைச் சுமக்கப் பிறந்தவை. ஆளி வீரத்தையும், இருதலைப் புள் நட்பையும், அசுணம் காதலின் இன்பதுன்பத்தையும் சுமந்தன. வருடை அப்படி எதையும் சுமக்கவில்லை. அது கண்ணுக்கு இனிய ஒரு தாவல். பார்த்தவன் பார்த்தவாறு சொன்ன செய்தி. இவ்வேறுபாடே பின்னர் இரண்டின் ஊழையும் வெவ்வேறாக்கிற்று.

மலையைக் கட்டிய நாடு

இனி வரலாற்றின் அடுத்த படிக்கு வருவோம். குறிஞ்சிக்குரிய முருகனும் கயிலைக்குரிய சிவனும் மருதநிலத்துக்கு எழுந்தருள வேண்டுமாயின் அவர்களுக்கு மலை வேண்டும். மலை இல்லாத நாட்டார் மலையைக் கட்டினர். கோச்செங்கட்சோழன் சிவபெருமானுக்கு எழுபது மாடக்கோயில்கள் எடுத்தான் என்று திருமங்கையாழ்வார் பாடுகிறார். யானை ஏற இயலாத உயரத்தில் கருவறை அமைவது மாடக்கோயிலின் இலக்கணமாகச் சொல்லப்படும். சீர்காழியில் தோணியப்பர் கட்டுமலைமேல் வீற்றிருக்கிறார். சுவாமிமலையின் பெயரிலேயே மலை இருக்கிறது. ஆனால் அது மனிதர் எழுப்பிய மேடு. தமிழ் ஆண்டுகளின் பெயர் பூண்ட 60 படிகள் ஏறி முருகனைக் காண்கிறோம்.

இம்முயற்சியின் சிகரம் இராசராசேச்சரம். 1010ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் குடமுழுக்குக் கண்ட அப்பெருங்கோயிலின் விமானம் ஏறத்தாழ 216 அடி உயரமுடையது. தட்சிணமேரு விடங்கர் என்னும் திருமேனியின் பெயர் அக்கோயில் கல்வெட்டில் உள்ளது. புராண நிலநூலின்படி மேரு, உப்புக்கடல் சூழ்ந்த நாவலந்தீவின் நடுவே நிற்கும் மலை. அதன் சாரலில் மானிடர் காணாத விலங்குகள் உலவும். எவரும் காணாத தீவின் நடுமலையைத் தென்னாட்டு வயலின் நடுவே நிறுத்தினான் இராசராசன். அம்மலைக்கு வேண்டிய கல்லும் இம்மண்ணில் இல்லை. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து அது வந்திருத்தல் வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. மெய்யான குன்றுகளை உடைத்துக் கொணர்ந்து கற்பனை மலையொன்றைக் கட்டினர் என்பதே இதன் பொருள்.

மலை எழுந்தபின் அதில் விலங்கு இல்லாமல் இருக்கலாமா? கோயிலின் அடித்தளத்திலே யாளிவரி ஓடுகின்றது. சிங்கமுகம் கொண்டது சிம்மயாளி, யானைமுகம் கொண்டது கசயாளி, மகரமுகம் கொண்டது மகரயாளி எனச் சிற்பமரபு அதனை வகைப்படுத்திற்று. நம் சிற்பிகளுக்குச் சிங்கமும் யாளியைப் போலவே காணாத விலங்கு ஆதலால், சோழர் சிற்பத்தில் சிங்கம் எங்கே முடிந்து யாளி எங்கே தொடங்குகிறது என்று சொல்வது பல இடங்களில் அரிது. இரண்டாம் இராசராசன் எடுத்த தாராசுரத்தில், இராசகம்பீரன் மண்டபத் தூண்களைத் தாங்கி யாளிகள் அமர்ந்திருக்கின்றன. அங்கேயே காளையும் யானையும் ஒரே தலையில் இணைந்து நிற்கும் ரிஷபகுஞ்சரத்தையும் காணலாம். காளையின் உடலை மறைத்தால் யானை. யானையின் உடலை மறைத்தால் காளை. கபிலரின் இருதலைப் புள்ளை நேர்மாறாக்கினாற்போல, இங்கே உடல் இரண்டு, தலை ஒன்று.

தாராசுரத்தில்தான் சரபமும் நமக்குக் காட்சி தருகின்றது. யானையை வெல்வது சிங்கம்; சிங்கத்தை வெல்வது சரபம். நரசிங்கத்தின் சினத்தைத் தணிக்கச் சிவபெருமான் கொண்ட வடிவம் என்பது சைவபுராண மரபு. மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) எடுத்த திரிபுவனம் கம்பகரேசுவரர் கோயிலில் சரபேசுவரருக்குத் தனிச்சன்னதி அமைந்துள்ளது; அவ்வழிபாடு இன்றும் ஓங்கி நிற்கிறது. சமயப்பிணக்கின் சுவடு இவ்வடிவத்தில் உண்டு என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அது ஒருபுறம் இருக்க, சங்கப் பாட்டில் உவமையாக இருந்த மலைவிலங்கின் இனம், சோழர் காலத்தில் வழிபடு பொருளாக உயர்ந்தது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

யாளி கோயிலோடு நின்றுவிடவில்லை. தஞ்சாவூர் வீணையின் தண்டி முடியுமிடத்தில் யாளிமுகம் இருக்கிறது. பலாமரத்தில் கடைந்த அம்முகத்தின் கீழேதான் தலைமுறை தலைமுறையாக நம் வீட்டுப் பெண்கள் இசை பயின்றனர். இசையைக் கேட்டு மயங்கிய அசுணம் பாட்டிலிருந்து மறைந்தது. இசைக்கருவியிலேயே யாளி குடியேறிற்று.

ஆட்டுக்கு எட்டுக்கால் வந்த கதை

இவ்வளவு சிறப்பும் யாளிக்கும் சரபத்துக்கும் கிடைத்தபோது வருடை என்னாயிற்று? அதற்குச் சன்னதி இல்லை, தூண் இல்லை, வாகனம் இல்லை. சொல் மட்டும் எஞ்சிற்று. அச்சொல்லுக்கு நேர்ந்ததுதான் வியப்பு. நிகண்டுகளையும் அகராதிகளையும் புரட்டினால், வருடை என்பதற்கு மலையாடு என்பதோடு எட்டுக்கால் கொண்ட சரபம் என்னும் பொருளும் காணப்படும். சரபம் என்னும் சொல்லுக்கும் எண்காற்புள் என்பதோடு வரையாடு என்னும் பொருள் உண்டு. வடமொழியிலும் சரபம் என்பது அதர்வவேதத்தில் ஒரு காட்டு விலங்கின் பெயராகவே நின்று, பிற்காலத்தில்தான் எட்டுக்கால் பெற்றது. இரு மொழிகளின் பொருளும் ஒன்றோடொன்று கலந்தபோது, கபிலர் குட்டைக் காலைக் குறித்துக் காட்டிய நம் மலையாடு, மேலும் நான்கு காலைப் பெற்றுக் கற்பனை விலங்காயிற்று. உவமைக்கென்று படைக்கப்பட்ட ஆளி கல்லில் மெய்யுடல் பெற்றது. மெய்யுடலோடு மலையில் நின்ற வருடை ஏட்டில் பொய்யுடல் பெற்றது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. நம் தமிழர் சென்று குடியேறிய மொரீசியசுத் தீவில் டோடோ என்னும் பறக்கமாட்டாத பெரும்பறவை வாழ்ந்தது. 1598இல் ஒல்லாந்தர் அங்கு இறங்கினர். நூறாண்டு முடிவதற்குள் அப்பறவை அற்றுப்போயிற்று. அதனைக் கண்டதாகப் பெரும்பாலோர் ஏற்கும் கடைசிக் குறிப்பு 1662ஆம் ஆண்டினது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய அறிஞருள் சிலர், அப்படியொரு பறவை இருந்ததேயில்லை, மாலுமிகளின் கட்டுக்கதை அது என ஐயுற்றனர். 1865இல் அத்தீவின் சதுப்புநிலம் ஒன்றில் எலும்புகள் மிகுதியாகக் கிடைத்த பின்னர் ஐயம் முற்றும் நீங்கிற்று. மெய்யான ஓர் உயிர் கட்டுக்கதை ஆவதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளே போதுமாயிருந்தன.

வருடை டோடோவைப் போல அற்றுப்போகவில்லை என்பது நம் நற்பேறு. ஆயினும் அது நூலிழையில் தப்பிய கதைதான். ஆங்கிலேயர் நீலகிரியில் குடியேறியபின் அதனை ஐபெக்சு என்று அழைத்து வேட்டையாடினர். 1838இல் அதற்கு அறிவியற்பெயர் இடப்பட்டது. தேயிலையும் யூக்கலிப்டசும் சீகை மரமும் அதன் புல்வெளிகளைத் தின்றன. தமிழகமும் கேரளமும் பகிர்ந்துகொள்ளும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இவ்விலங்கு இல்லை. 1975இல் இ.ஆர்.சி. டேவிதார் அதன் நிலைமையை ஆராய்ந்து எழுதினார். அவர் நினைவாக அக்டோபர் 7ஆம் நாள் வரையாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2005இல் மரபணு ஆய்வின்வழி, இது இமயத்து ஆட்டின் இனமன்று, தனிப்பேரினம் என்று நிறுவப்பட்டது. தமிழக எல்லைக்குள் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகளும், 2025ஆம் ஆண்டில் 1,303 வரையாடுகளும் மதிப்பிடப்பட்டன. தமிழகத்தின் மாநில விலங்கு அதுவே. ஆனால் நம் நாட்டுக் கோயில்களில் உள்ள யாளிகளை எண்ணத் தொடங்கினால் அவ்வெண்ணிக்கையை மிக எளிதில் கடந்துவிடுவோம்.

பாவலர்க்கு ஒரு விண்ணப்பம்

யாளி முன்னொரு காலத்தில் மெய்யாகவே வாழ்ந்த விலங்கு, கடல்கொண்ட நிலத்தோடு அது அழிந்தது என்று கூறுவாரை இந்நாளில் காண்கிறோம். இக்கூற்றின் வேர் எங்குள்ளது என்பதை அறிந்து கொள்ளல் நன்று. 1864இல் சிலேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், மடகாசுகர்த் தீவின் லெமூர் விலங்குகளை நோக்கி, அவற்றின் உறவினம் இந்தியாவிலும் காணப்படுவதற்கு இடைப்பட்ட நிலமொன்று கடலில் மூழ்கியதே காரணமாதல் வேண்டும் எனக் கருதி அதற்கு லெமூரியா எனப் பெயரிட்டார். மெய்யான விலங்கிலிருந்து பிறந்த கற்பனை நிலம் அது. கண்டங்கள் நகர்கின்றன என்பது 1960களில் உறுதிப்பட்டபின் நிலவியலார்க்கு அது தேவையற்றதாயிற்று. கற்பனை நிலத்தைக் கொண்டு கற்பனை விலங்குக்குச் சான்று தேடுவது, மணற்கயிறு திரிப்பது போன்றதாகும். யாளிக்கு எலும்பு தேடவேண்டிய தேவையே இல்லை. தஞ்சைச் சிற்பியின் உளி அதற்குப் போதுமான பிறப்புச் சான்று. அது வாழ்ந்த விலங்கு என்பாரே, அதனைப் படைத்தவனின் புகழைக் குறைக்கின்றனர்.

கற்பனையும் நோக்கும் ஒன்றையொன்று பகைக்க வேண்டியதில்லை என்பதற்குத் தஞ்சையிலேயே சான்று உண்டு. இரண்டாம் சரபோசி (1798–1832) காலத்தில் இந்நகரத்து ஓவியர்கள் விலங்கையும் பறவையையும் செடியையும் நேரில் நோக்கி வரைந்தனர். அதே மன்னன் போற்றி வளர்த்த சரசுவதி மகால் நூலகத்தில், மனிதமுகம் படிப்படியே விலங்குமுகம் ஆகும் இலெ புருன் என்னும் பிரெஞ்சு ஓவியரின் படங்களும் காட்சிக்கு உள்ளன. ஒரே கூரையின் கீழ் இரண்டும் அமைதியாக இருக்கின்றன. எது எது என்பதை அங்கே எவரும் மயங்குவதில்லை.

பத்தாண்டு நிறைந்த நம் வட்டத்தில் குறிஞ்சியைப் பாடாத கவிஞர் அரியர். மாதக்கூட்டந்தோறும் மலையும் அருவியும் மானும் மயிலும் நம் பாக்களில் தவறாது இடம்பெறுகின்றன. அவற்றுள் எத்தனை மலையிலிருந்து வந்தவை, எத்தனை முன்னோர் பாட்டிலிருந்து வந்தவை என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். மரபிலிருந்து எடுப்பது குற்றமன்று; கபிலரும் எடுத்தார். ஆனால் அவர் வருடையின் காலையும் பார்த்தார். உருத்திரங்கண்ணனார் துறைமுகத்து மூட்டைமேல் துள்ளிய கிடாயைப் பார்த்தார். மலைவிலங்கின் தாவலையும் அறிந்திருந்தார். ஆகவேதான் இரண்டும் ஓரடியில் பொருந்தின. பார்ப்பதை விட்டுச் சொல்லை மட்டும் வழிவழியாகக் கைமாற்றிக்கொண்ட காலத்தில்தான் ஆட்டுக்கு எட்டுக்கால் முளைத்தது. புலவன் பார்க்க மறந்த உயிரை நாடும் காக்க மறந்துவிடுகிறது என்பதற்கு வருடையினும் சிறந்த எடுத்துக்காட்டு நம் இலக்கியத்தில் இல்லை.

தஞ்சையிலிருந்து வால்பாறைப் பக்கத்துப் புல்வெளிகளும் நீலகிரியின் முக்குருத்தியும் எட்டாத தொலைவில் இல்லை; ஒருநாள் பயணமே. காவிரி ஆண்டுதோறும் மலையிலிருந்து நம்மை நாடி வருகிறது. நம் கவிஞர் ஒருமுறை அதற்கு எதிர்ப்பயணம் செய்யட்டும். யாளி வீணைத்தண்டியில் இருந்தவாறே இருக்கட்டும். சரபேசுவரர் சன்னதியில் விளக்கு எரியட்டும். வட்டத்தின் இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும்போது, அதன் ஏதேனும் ஒரு பக்கத்தில், நான்கே கால்களோடு ஒரு வருடை பாறைமேல் ஏறி நிற்குமாயின் இக்கட்டுரையின் பயன் நிறைவேறியதாகும்.